பஸ் ஓட்டினால் வயது குறையுமா?

எனக்கு இரண்டு அண்ணன்கள். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். முதலில் வந்தவன் சுடலைமுத்து, அடுத்து வந்தவன் முத்துமணி. நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், "ஒரு வெத்தலை போட்டுத் துப்புற நேரம்" என்பாள் எங்கள் அத்தை. அந்த ஒரு வாய் வெற்றிலையால்தான் என் மகள் சக்திக்குக் காது குத்துவது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர் என்றால் பெரியவன் மடி. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இதுதான் வழக்கம், நான் வாழ்க்கைப்பட்ட சூளகிரியிலும் இதுதான். ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைய என்ன பரோட்டா மாதிரி பிச்சுப்போடச் சொல்லுதியா?" என்றான் சுடலை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முத்துமணியும் அவனோடு ஒத்துப்போனான்.

நாங்கள் மூன்று பேரும் பிழைக்க ஓசூர்ப் பக்கம் வந்தவர்கள். முதலில் வந்தது சுடலை. ஐடிஐயைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கிளீனராக ஏறி, டிரைவரானான். இப்போது ஃபாக்டரி ஆட்களை ஏற்றும் ஒப்பந்த பஸ் ஓட்டுகிறான். குடியிருப்பது ஓசூரில். விடியும் முன் காலி பஸ்ஸோடு இறங்கிப் போய், காவேரிப்பட்டினத்தில் ஆளேற்றி, கிருஷ்ணகிரி, சூளகிரி என்று நிறுத்தி நிறுத்தி மறுபடி ஓசூருக்கு ஏறி வருவான். முத்துமணி டிப்ளமோ படித்தவன். சூளகிரி எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ஜிபிஎஸ் டிராக்கர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான். பெண் எடுத்த ஊரான காவேரிப்பட்டினத்திலேயே, தென்பெண்ணைக் கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். தினமும் சுடலையின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவான். டிரைவருக்குப் பின்னால் ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் குறட்டை.

இப்படிச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் கையில் ஒரு போனும் யூட்யூபும் சேர்ந்தன. அதில் யாரோ சிறப்புச் சார்பியல் என்று ஒன்றை விளக்கியிருக்கிறார்கள். ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றுதானாம். அதனால் ஓடுகிறவனின் கடிகாரம் நிற்கிறவனின் கடிகாரத்தை விட மெதுவாக ஓடுமாம். கடிகாரம் மட்டுமில்லை, நாடி, நரை, நகம் எல்லாமே மெதுவாகத்தான் ஓடுமாம். இரட்டையரில் ஒருவன் பயணம் போய்த் திரும்பினால், வீட்டில் இருந்தவனை விட அவனுக்கு வயது குறைவாக இருக்குமாம். இரட்டையர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

சக்தியின் காதுகுத்துக்கு நாள் குறிக்க உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். பந்தி நடந்தது. "பெரியண்ணன் மடியில வச்சிரலாம்" என்று நான் சொன்னதுதான் தாமதம், முத்துமணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

"யாரு பெரியண்ணன்? இவன் இத்தன வருஷமா மேலயும் கீழயும் பஸ் ஓட்டுதான். ஓடுதவனுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா எனக்குத் தம்பியாயிட்டு வாறான்."

பந்தியே சிரித்தது. சுடலையும் முதலில் சிரித்தான். "நீயும் எம் பஸ்லதானல வார?" என்றான்.

"நான் சூளகிரியில எறங்கிருதேன். நீ ஓசூர் வரைக்கும்லா போற?"

என் கணவர் திருமலைக்குக் கணக்கென்றால் உயிர். சாப்பிட்ட கையை உதறிவிட்டு இடது கையால் போனைத் தட்டினார். "மச்சான், உலகம் பொறந்த அன்னிக்கே இவரு பஸ் எடுத்திருந்தாக் கூட, அந்த வெத்தலை நேரம் இன்னும் முழுசா கழிஞ்சிருக்காதுங்க" என்றார். இன்னொரு சிரிப்பு. அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"அளவு கெடக்கட்டும் மாப்ள, போற திசையப் பாருங்க" என்றான் முத்துமணி. "நாள்பட நாள்பட இவன் எறங்குதான், நான் ஏறுதேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, இனிமே இவன் எனக்குத் தம்பி. ஏலே தம்பி, அந்த ரசத்தை இப்படித் தள்ளு."

சுடலை ரசத்தைத் தள்ளினான். பிறகு இலையை மூடாமல் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். பாயசம் இன்னும் வந்திருக்கவில்லை. பந்தியில் பாதியில் எழுவது எங்கள் சனத்தில் லேசான காரியமில்லை. நாள் குறிப்பது அப்படியே நின்றுபோனது.

மறுநாளிலிருந்து முத்துமணி பஸ்ஸை விட்டுவிட்டு டூவீலரில் வேலைக்குப் போனான். நாற்பது தாண்டினால் வண்டி ஆடும். சுடலை தினமும் அவனைப் பின்னாலிருந்து பிடித்து, காது கிழிய ஹாரன் அடித்து, முந்திக்கொண்டு போவான். பேச்சு மட்டும் இல்லை. பேசுவதெல்லாம் என் வழியாகத்தான். நான் ஃபாக்டரி லைனில் நின்று சர்க்யூட் போர்டு மாட்டுகிறவள், எனக்கெதற்கு அறிவியல்? ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி எனக்கும் பாதி பாடமாகிவிட்டது.

முத்துமணி சொல்லியனுப்பியதைச் சுடலையிடம் சொல்வேன். அவன் கேட்டுவிட்டு, "அவன் சொன்ன சட்டப்படியே, யாரு ஓடுதா, யாரு நிக்குதான்னு அறுதியாச் சொல்ல முடியாதாம்லா? நான் என் சீட்ல அசையாம உக்காந்திருக்கேன். ரோடும் சூளகிரியும் அவன் கம்பெனியுந்தான் பின்னால ஓடுது. அப்ப அவந்தான் தம்பி" என்பான். கம்பெனி பஸ் டிரைவர்களும் போன் வைத்திருக்கிறார்கள் என்பதை முத்துமணி மறந்துவிட்டான்.

அதைப் போய் முத்துமணியிடம் சொன்னால், "அப்படியில்ல. அவன் போயித் திரும்புதான். பிரேக் அடிக்கான், வளைக்கான். வளைவுல ஒடம்பு சாயுதுல்லா? சாயுறது யாரு ஒடம்பு, அவன் ஒடம்பா, என் கம்பெனியா?" என்பான். இரண்டுமே சரியாகத்தான் பட்டது எனக்கு. என் பிள்ளையின் காது மட்டும் மூளியாக இருந்தது. பால்வாடியில், "ஏன் பாப்பா தோடு போடல?" என்று கேட்டால், "மாமாவுக்கு வயசு முடிவாகல" என்கிறாளாம். மானம் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமணி வீட்டுக்கு வந்து தோசை தின்றபடி உபதேசம் செய்துகொண்டிருந்தான். "பூங்கொடி, இந்தப் பிரபஞ்சத்துல உள்ளது எல்லாமே அந்த ஒரு கணக்குக்குள்ள அடக்கம். அதுல இல்லாதது எங்கயும் கெடையாது." அந்த நேரம் பார்த்து சக்தி ஸ்டூல் மேலேறி, அலமாரித் தட்டிலிருந்த பித்தளைச் சொம்பை இழுத்தாள். அது என் கால் பெருவிரலில் வந்து விழுந்தது.

எனக்கு வந்த வலியும் கோபமும் கொஞ்சமா? சொம்பை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது ஏன் விழுந்திச்சு? உன் கணக்குல சொல்லு."

"அது வந்து, ஈர்ப்பு. பூமி இழுக்குதுல்லா."

"அது தெரியாதா எனக்கு? உன் சிறப்புச் சார்பியல்ல அதுக்கு என்ன சொல்லியிருக்கு?"

முத்துமணி தோசையைச் சட்னியில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். "ஈர்ப்பு அதுல வராது. அத எழுதினவரே பத்து வருஷம் பாடுபட்டு வேற ஒண்ணு எழுதினாரு. பொதுச் சார்பியல்னு பேரு. கணக்கு ரொம்பக் கஷ்டம். நான் இன்னும் அங்க போகல."

"எல்லாம் இதுக்குள்ள அடக்கம்னியே?"

"ஈர்ப்பத் தவிர எல்லாம்."

"உலகத்துல விழுறதும் கனக்கிறதும் இல்லாம என்ன இருக்கு? அரைப் புஸ்தகத்தப் படிச்சிட்டு அண்ணனத் தம்பியாக்கிட்ட. மிச்சத்தப் படிச்சிட்டு வா, போ. தோசை தீந்துபோச்சு."

தோசை தீரவில்லை. மாவு சட்டி நிறைய இருந்தது. ஆனாலும் அவன் எழுந்து போய்விட்டான்.

அதே வாரம் நான் சுடலையைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை சிப்காட் ஓரம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏறி உட்காரலாம் என்று ரெண்டாவது சீட்டுப் பக்கம் போனால், அதில் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. "அதுல உக்காராத" என்றான். நான் முதல் சீட்டில் உட்கார்ந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை குத்தப்போறோம். நீ வரணும்" என்றேன்.

"அவன் மடியிலயே வச்சுக் குத்து."

"மடிக்காகவா இம்புட்டு வீம்பு?"

அவன் மிச்ச டீயைக் கீழே ஊற்றினான். "மடி யாருக்கு வேணும்? பொறந்ததுலேருந்து அவன் என்னைய ஒரு தடவ கூட அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. ஏலேதான். சரி, கூடப் பொறந்தவன், கூச்சமா இருக்கும்னு விட்டேன். கூப்பிடலன்னாலும் மனசுல அண்ணன்னு இருக்கும்னு நெனச்சேன். அத்தன சனத்துக்கு முன்னால தம்பிங்கான். எனக்குச் சோறு எறங்கல, பூங்கொடி."

அழுதால் அவன் இன்னும் இறுகிவிடுவான் என்று அடக்கிக்கொண்டேன். காவேரிப்பட்டினத்திலிருந்து உறவுக்காரர்களை ஏற்றி வர பஸ் வேண்டும், டிரைவராக வா என்றேன். டிரைவராக என்றால் வருவதாகச் சொன்னான். இறங்க மாட்டேன் என்றும் சொன்னான்.

சொன்னபடியே செய்தான். ஞாயிறன்று சூளகிரியில் எங்கள் கோயிலடியில் பஸ்ஸை நிறுத்தினான். சனமெல்லாம் தாம்பாளமும் பூவும் தட்டுமாக இறங்கிப் போயிற்று. அவன் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். சக்திக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு தயார். முத்துமணியைக் காணோம். பெங்களூரில் கம்பெனி டிரெயினிங் முடித்து நேரே வருகிறேன் என்றவன். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். மாமியார் நஞ்சம்மா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாமன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, ஒரு மாமன் வந்தே சேரவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துப் பெற்றதற்கு எங்கள் அம்மாவை மனதுக்குள் வைதேன்.

ஒருவழியாக ஆட்டோவில் வந்திறங்கினான் முத்துமணி. முகம் பேயறைந்தது போலிருந்தது. என்னிடம் வரவில்லை. நேரே பஸ்ஸின் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். சனம் பின்னாலேயே கூடிவிட்டது.

"ஒண்ணு சொல்லணும்" என்றான் மேலே பார்த்து.

"சொல்லிட்டுப் போ" என்றான் சுடலை ரோட்டைப் பார்த்தபடி.

"டிரெயினிங்ல கேட்டேன். பூங்கொடி கேட்ட கேள்வியத்தான் கேட்டேன். வேகத்தால கடிகாரம் மெதுவா ஓடுறது நெசம். ஆனா பூமியை விட்டு ஒசரப் போகப் போக கடிகாரம் வேகமா ஓடும். நான் படிச்சதுல இந்த ரெண்டாவது கணக்கே கெடையாது. சாட்டிலைட்டுக்கு ரெண்டையும் சேர்த்துப் பாக்கலேன்னா நாங்க செய்யுற டிராக்கர் ஓசூர்ல நிக்கிற வண்டிய வேற எங்கயோ காட்டும்." மூச்சு வாங்கினான். "நீ குடியிருக்கது ஓசூர்ல, மூணாவது மாடி. நான் காவேரிப்பட்டினத்துல ஆத்தங்கரை, தரை வீடு. ஓசூர் எவ்வளவு ஒசரம்னு உனக்கே தெரியும், மேல ஏறயில பஸ் என்ன மொனகு மொனகும். கணக்குப் போட்டுப் பாத்தேன். நீ பஸ் ஓட்டிக் கொறச்ச வயச விட, மேல குடியிருந்து கூட்டுன வயசு நூறு மடங்குக்கு மேல. நீ எனக்குத் தம்பி ஆகல. நாளுக்கு நாள் இன்னும் பெரியவனாத்தான் ஆயிட்டிருக்க."

சுடலை திரும்பிப் பார்த்தான். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்லா?"

"குவாலிட்டியில இருக்கேன். ரிஜெக்ட் பீஸுனு தெரிஞ்சப்புறம் பாஸ் போட முடியாது." ஜன்னலை எட்டிப் பிடித்தான். "தப்பு எம்மேல. மன்னிச்சிருண்ணே."

அந்த ஒரு 'ண்ணே' போதுமாக இருந்தது. சுடலை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். அப்படியே இறங்கியிருப்பான். என் மாமியாருக்கு அதற்குள் வாய் நமைத்தது.

"அது எப்டிப்பா ஆவும்?" என்றாள் நஞ்சம்மா. "எங்கூருப் பக்கம் ரெட்டப் புள்ளைங்கன்னா பின்னால பொறந்ததுதான் பெருசு. இந்த பஸ்ஸையே பாரு. மொதல்ல ஏறினவன் உள்ள போயி உக்காந்துக்குவான். கடைசியா ஏறினவன் படிக்கட்டுல நிப்பான். எறங்கறப்போ யாரு மொதல்ல எறங்குவான்? படிக்கட்டுல நின்னவன் தான? அப்போ பின்னால எறங்கின முத்துமணிதான் மொதல்ல ஏறினவன். அவந்தான் அண்ணன். இதுக்கு எதுக்குப்பா சாட்டிலைட்டு?"

சனம் வாயைப் பிளந்தது. பத்துத் தலை ஒன்றாக ஆடியது. திருமலை கூட, "அம்மா சொல்றதுல பாயின்ட் இருக்கு" என்றார். அவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நான் பார்த்தது முத்துமணியை. ஒரு வருஷமாக அவன் தேடி அலைந்தது இதுதான். சாட்டிலைட் வேண்டாம், கணக்கு வேண்டாம், அவனைப் பெரியவனாக்கச் சம்பந்தியம்மாளின் வாய்ச்சொல்லே போதும். மேலே சுடலை மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

முத்துமணி என் மாமியார் பக்கம் திரும்பினான்.

"நல்ல கணக்குதான் அத்தை" என்றான். "ஆனா அதுவும் அரைக் கணக்குதான். ஏறினதும் எறங்கினதும் அதுல இருக்கு. நான் டிப்ளமோ சேரணும்னு ஐடிஐய விட்டுட்டு கிளீனரா ஏறினது யாருன்னு அதுல இல்ல. இவருதான் எங்க அண்ணன்."

இவர் என்றான். நாங்கள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சுடலையை அப்படிச் சொன்னதில்லை. சுடலை கண்ணைத் துடைத்தான். தூசி என்றான். கோயிலடியில் ஒரு இலைகூட அசையவில்லை.

"உங்க கதைய அப்புறம் பேசுங்க, எமகண்டம் பொறக்கப்போவுது!" என்று கத்தினார் ஆசாரி.

கோயிலுக்குள் ஓட நேரமில்லை. சுடலை இறங்கவும் இல்லை. நான் சக்தியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி, டிரைவர் சீட்டிலேயே அவன் மடியில் உட்கார வைத்தேன். போன வருஷமே குத்தியிருந்தால் கைக்கடக்கமாக இருந்திருப்பாள். இப்போது நல்ல கனம். ஊசியைக் கண்டதும் துள்ளினாள் பாருங்கள், ஒரு மாமன் பிடித்து அடங்கவில்லை. "ஏலே, தலையப் புடி!" என்றான் சுடலை. முத்துமணி என்ஜின் பெட்டி மேலேறி உட்கார்ந்து மொட்டைத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முதல் காதில் ஊசி ஏறியபோது சக்தி உதைத்த உதை ஹாரனில் பட்டது. கோயிலடி முழுக்க அலறியது பஸ். அவள் அழுததே யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது காதுக்கும் அப்படியே.

பச்சைக் கல் தோடு இரண்டும் மின்ன, மூக்கு ஒழுக விம்மிக்கொண்டிருந்தாள் பிள்ளை. ரெண்டாவது சீட்டில் விரித்திருந்த துண்டை என்னை எடுக்கச் சொல்லி, சுடலை அவள் மூக்கைத் துடைத்துவிட்டான். ஒரு வருஷமாக அந்த ஜன்னலோரத்தில் அவன் யாரையும் உட்கார விடவில்லை என்று அவன் பஸ்ஸில் வருகிற பெண்கள் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்கு அந்த ஓட்டை வண்டிய எடுக்காத. பஸ்ஸுல வா" என்றான் முத்துமணியிடம்.

"வாறேன்ணே."

விருந்து முடிந்து காவேரிப்பட்டினத்துச் சனத்தை இறக்கிவிடப் பஸ் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். முத்துமணி ரெண்டாவது சீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுச் சார்பியல் சொல்ல ஆரம்பித்தான். அதில்தான் எல்லாம் அடக்கமா என்று கேட்டேன். அதையும் இன்னும் யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றான். கிருஷ்ணகிரி வருவதற்குள் தூங்கிவிட்டான். அவன் தலை ஜன்னலில் இடித்துக்கொள்ளாமலிருக்க, சுடலை ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸை மெதுவாகத் திருப்பினான்.